வட்டக் கூடத்து ஈரம்

இது நடந்தது. பொய் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நம்பச் சொல்லிக் கெஞ்சி எனக்கு வெறுத்துவிட்டது.

1968, மே மாதம். காஞ்சிபுரம் கடைத்தெருவில் பட்டு முதலாளி ஒருவர் அலுவலகங்களுக்கென்று கட்டிய மூன்று மாடிக் கட்டடம். முகப்பு கப்பல் மாதிரி வளைந்திருக்கும். உள்ளே வட்டக் கூடம், மொசைக் தரை, உச்சியில் வண்ணக் கண்ணாடி. ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கூடத்து இன்சூரன்ஸ் ஆபீசில் நான் டைப்பிஸ்ட்.

கூடத்தின் நடுவில் மட்டும் தரை ஈரமாகவே இருக்கும். அக்கினி நட்சத்திரத்திலும். துடைத்தால் மறுபடி ஊறும். நான்தான் தண்ணீரைக் கொட்டுகிறேன் என்று மேனேஜர் பூவராகவன் எல்லோர் முன்னாலும் திட்டினார். துணியை எடுத்து மறுபடி துடைத்தேன்.

ஒரு நாள் மதியம், பூவராகவன் என்னை மட்டும் ஆபீசைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்ப, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டேகால் மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

டொக்... டொக்...

தெருவில் யாரோ இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்துக்குப் போனேன். உள்ளங்காலில் அதிர்ந்தது.

சத்தம் தரைக்கு அடியில்.

ஈரம் வட்டமாகப் பரவியது. சேற்று வாடை.

பிறகு... ஓர் ஆண் குரல்.

"கயிறு போடும்மா..."

குனிந்து தரையைப் பார்த்தேன்.

மறுபடியும். இந்த முறை ஆத்திரமாக.

"மேலதானே நின்னுக்கினு இருக்கே... போடமாட்டியா?"

ஓடினேன்.

பூவராகவன் வந்ததும் சொன்னேன். சிரித்தார். வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் போகலாம் என்றார்.

"நீங்க வெறுங்காலோட அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கிறது. தெரிந்தே என்னைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார். அன்றே வேலையை விட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டுச் சுவர் பூச தேவசகாயம் என்ற கொத்தனார் வந்தார். அந்தக் கட்டடத்தைக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே வேலை செய்தவர். நடந்ததைச் சொன்னேன். பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

கூடத்தின் நடுவில் முன்பு ஒரு கிணறு இருந்ததாம். பூமி பூஜையன்று காலையில், மோட்டாரைக் கழற்ற வீரபத்திரன் என்ற கூலியாள் உள்ளே இறங்கினான். பக்கச்சுவர் சரிந்து இடுப்புவரை மூடிவிட்டது. உயிர் இருந்தது. பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள், முகூர்த்தம் தவறக்கூடாது என்று முதலாளி அவன்மேலேயே மண்ணைத் தள்ளிக் கிணற்றை மூடச் சொன்னார்.

"அவன் கத்தலையா?"

தேவசகாயம் என்னைப் பார்க்கவில்லை.

"கத்திக்கினேதான் இருந்தாம்மா. அது கேக்கக் கூடாதுன்னு கெட்டிமேளம் கொட்டச் சொன்னாங்க."