எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு மலை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னப் பொம்மையை இழுத்து ஓர் அறைக்குள் விட்டாள். பக்கத்தில் ஒரு கதவை இழுத்து வைத்தாள். பொம்மை கதவைத் தொட்டால் என்ன ஆகவேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது; அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவுதான், பொம்மை நடந்து போய்க் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது. "கையில வெச்சி ஆடற பழைய வீடியோ கேம் இருக்குல்லப்பா, அதுல ஓடும். கோடிங் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றாள். அவள் பிறப்பதற்கு வெகு முன்பே கடைகளிலிருந்து போய்விட்ட பெட்டி அது. அதற்கு இன்னமும் உலகம் முழுக்க ஆட்கள் புதுப்புது விளையாட்டுகளைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். நான் "ஓஹோ" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. நீங்கள் என்றால் பொறுமையாகக் கேட்பீர்கள்.

லேப்டாப்பின் விசிறியிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது. அந்த வாசனையோடு ஊதுபத்தியும் கொஞ்சம் ஈரச் செருப்பும் சேர்ந்தால் அது சேகர் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் சேகர் சார் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் விபூதி வைத்து ஊதுபத்தி காட்டுவார். "வைரஸ் ஜாஸ்தியா சுத்துதுப்பா" என்பார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அங்கே சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. முந்தைய நாள் புத்தகத்தில் படித்ததை மறுநாள் மாணவர்களிடம் ஒப்பிப்பேன், யாராவது கேள்வி கேட்டால் "அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்" என்று சொல்லிவிடுவேன். கணக்கு மென்பொருள் வகுப்பை எடுத்தவர் ஜெயந்தி. ஆரணிப் பெண். அப்பா அங்கே பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். ஜெயந்தி ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அக்கா வீட்டில் தங்கி, பஸ்ஸில் சென்டருக்கு வந்துபோனார். சென்டரில் நாங்கள் ஒருவரை ஒருவர் 'சார்', 'மேடம்' என்றுதான் கூப்பிடுவோம். நான் எப்போதோ 'ஜெயந்தி'க்கு மாறிவிட்டேன், அவர் மாறவேயில்லை.

மாடியின் ஒரு மூலையில் மூன்று கம்ப்யூட்டரை ஒதுக்கி இணையத்துக்கு வைத்திருந்தார்கள். ஆசிரமப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காய்ச்சலில் விழுந்தபோது, ஜெயந்தி தினமும் அந்த அம்மா தங்கிய இடத்துக்குப் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தார். ஊருக்குப் புறப்படும் அன்று அந்தம்மா தன் பையிலிருந்த பழைய கையடக்க வீடியோ கேமை எடுத்து ஜெயந்தியின் கையில் வைத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறப் பெட்டி. பாசி நிறத் திரை. கூட ஒரே ஒரு விளையாட்டு கேசட்.

எனக்குத் தெரிந்த கையடக்க விளையாட்டு எல்லாம் தீபத் திருவிழாக் கடைகளில் விற்கும் செங்கல் அடுக்கும் பெட்டிதான். பள்ளிக்கூட நாட்களில் அப்பாவிடம் ஒரு கார்த்திகை முழுக்க அழுது ஒன்று வாங்கினேன். பொங்கலுக்கு முன்பே அதன் வாய் அடைத்துவிட்டது. சத்தமில்லாமலே இரண்டு வருடம் ஆடினேன். இது அந்த ஜாதி இல்லை. இதில் கேசட்டை மாற்றினால் விளையாட்டு மாறும். ஜெயந்தி அந்த ஒரே விளையாட்டை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு வந்து கேட்டார்: "இதுக்கு நாமளே ஒண்ணு செய்ய முடியாதா சார்? நீங்கதான் சி எடுக்கறீங்களே."

அட்வான்ஸ் கோர்ஸில் வரும் என்று இவரிடம் சொல்ல முடியவில்லை. தேடினோம். அந்தக் கால இணையத்தில் தேடுவது ஏரியில் ஊசி தேடுவதுதான், அதிலும் யாராவது போன் செய்தால் லைன் அறுந்துபோகும். ஆனால் கிடைத்தது. எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு என்றே யாரோ செய்து இலவசமாக வைத்திருந்த சின்னச் சின்ன மென்பொருள்கள். ஒன்றில் படத்தைக் கட்டம் கட்டமாக வரையலாம். ஒன்றில் அந்தக் கட்டங்களை அடுக்கி இடத்தை உருவாக்கலாம். இன்னொன்று நாம் சியில் எழுதுவதை அந்தப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். கம்ப்யூட்டரே அந்தப் பெட்டியைப் போல நடித்து ஆடிக் காட்டவும் ஒன்று இருந்தது. கூடவே ஒரு விளக்கக் குறிப்பு. எழுதியவருக்கும் ஆங்கிலம் நம்மைப் போலத்தான் என்பதால் எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. 'பயப்படாதே, நானும் ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன்' என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். எந்த நாட்டு மனிதரோ. இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

கிரிவலம்தான் விளையாட்டு. ஒரு ஆள் எங்கள் ஊர் மலையைச் சுற்றி நடக்கவேண்டும். வழியிலுள்ள எட்டு லிங்கத்திலும் விளக்கேற்ற வேண்டும். நடுவில் மாடு வரும், ஆட்டோ வரும், குரங்கு வந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். நான் எழுதிய நிரலில் முதலில் அந்த ஆள் பின்பக்கமாக நடந்தான். பிறகு மலைக்குள்ளேயே நுழைந்து காணாமல் போனான். "சித்தரா ஆயிட்டாரு சார், விடுங்க" என்றார் ஜெயந்தி.

படம் எல்லாம் அவர்தான். எட்டுக்கு எட்டுக் கட்டம், நாலே நிறம். அதுவும் நிறமா அது, ஒரே பாசியின் நாலு வயது. பெட்டியின் நினைவில் இடம் ரொம்பக் கம்மி. முழு மலையையும் வரைந்தால் கொள்ளாது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஜெயந்தி, சரிவுக்கு நாலைந்து கட்டம் மட்டும் வரைந்து, அதையே மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்து மலையைக் கொண்டுவந்துவிட்டார். "அப்பா ஒரு பூவதான் வரைவாரு சார். புடவை முழுக்க அதேதான் ஓடும்" என்றார். பாறை, புதர், உச்சி எல்லாம் இருந்தது. கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் அதே மலை.

சேகர் சாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "பொம்மை வரையறதுக்கா சம்பளம் தரேன்?" என்றார். ஒருநாள் மாணவர்கள் போனபின் உட்கார்ந்து ஆடிப் பார்த்தவர், மறுநாளிலிருந்து யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "பௌர்ணமிக் கூட்டம் வேணும்பா. கூட்டம் இல்லாம இன்னா கிரிவலம்?" அந்தப் பெட்டியால் ஒரே வரிசையில் சில பொம்மைகளைத்தான் காட்ட முடியும், அதற்கு மேல் வந்தால் மற்றவை மறைந்துவிடும். ஜெயந்தி சொன்னார்: "கூட்டம் சேர்ந்தா ஆளுங்க தொலஞ்சி போயிடறாங்க சார்." "நெஜத்துலயும் அப்படிதானே ஆவுது" என்றார் சேகர் சார்.

ஜெயந்தி மெயிலில் இதையெல்லாம் எழுத, அந்த வெள்ளைக்கார அம்மா எழுதி அழிக்கக்கூடிய ஒரு காலிக் கேசட்டும், அதைப் பிரிண்டர் செருகும் இடத்தில் மாட்டுவதற்கு ஒரு கருவியும் பார்சலில் அனுப்பினார். கேசட்டில் ஏற்றி, பெட்டியில் போட்டு, பொத்தானை அழுத்தினோம். பாசித்திரையில் எங்கள் மலை எழுந்தது. ஜெயந்தி துப்பட்டா நுனியால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் அன்று நாங்கள் இருவருமே சொல்லியிருப்போம்.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி, செல்போன் விளையாட்டு செய்ய ஆள் எடுப்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருந்தது. எங்கள் விளையாட்டை மெயிலில் அனுப்பினேன். இருவரையும் வரச் சொன்னார்கள். ஜெயந்தியின் வீட்டில் விடுவார்களா என்பதுதான் கேள்வி. அங்கே எங்களுக்காக நின்றவர் அவருடைய அக்கா கணவர். கலெக்டர் ஆபீஸில் வேலை. மீசைக்குள்ளேயே சிரிக்கிற மனிதர். ஆரணியிலிருந்து மாமனாரை வரவழைத்து, கையில் பெட்டியைக் கொடுத்து ஆடச் சொன்னார். பெரியவருக்கு ஆட வரவில்லை. மலையை மட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீ போட்டதா?"

"ஆமாம்பா."

"கரை நல்லா வந்திருக்கு" என்றார். மலையடிவாரத்தைச் சொன்னார். பிறகு மருமகனிடம், "பெங்களூர் தூரமாச்சேப்பா" என்றார்.

"நானே கூட்டினு போயி கூட்டினு வரேன் மாமா. வேலை கெடச்சா ஹாஸ்டலும் நானே பாக்கறேன். படிச்ச பொண்ணு, இங்க உக்காந்து இன்னா பண்ணப்போவுது?"

ஜெயந்தி, அக்கா கணவர், நான் என்று மூன்று பேரும் செங்கம் வழியாக பஸ்ஸில் போனோம். அக்கா கணவரை ஜெயந்தி மாமா என்பார், அன்றிலிருந்து எனக்கும் அவர் மாமாதான்; வழியெல்லாம் மாமா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கம்பெனியில் ஜெயந்தியை ஒரு குதிரை வரையச் சொன்னார்கள், வரைந்தார். ஓடுகிற மாதிரி வரையச் சொன்னார்கள், அதையும் வரைந்தார். என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் உளறினேன். ஆனாலும் இருவருக்கும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்காகத்தான் என்னையும் எடுத்தார்கள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்து, "அந்தக் குரங்கு ரொம்பப் படுத்துதுப்பா. கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதா?" என்றார். தீபம் முடிந்து வேலையில் சேர்வதாகப் பேச்சு.

தீபத்துக்கு முந்தைய வாரம், காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். நாற்பது வயதுகூட இல்லை. இரண்டு பிள்ளைகள். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் இன்னும் பள்ளியிலேயே சேரவில்லை.

காரியம் முடிந்த பிறகு வேங்கிக்காலுக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி வெளியே வந்து நின்றார்.

"அக்காவுக்கு மாமா ஆபீஸ்லயே வேலை தருவாங்களாம் சார். அவ வேலைக்குப் போனா பசங்கள யாரு பாக்கறது? அம்மாவுக்கும் முடியல."

"கொஞ்ச நாள் கழிச்சி வரீங்கன்னு கம்பெனில சொல்லிப் பாக்கட்டுமா?"

"சொல்லுங்க."

நடக்காது என்று இருவருக்கும் தெரிந்துதான் பேசிக்கொண்டோம். உள்ளே சின்னவன் எதற்கோ அழுதான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க சார். ரெண்டு பேரும் இங்க நின்னு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

போனேன். கம்பெனியில் காத்திருப்பதாகத்தான் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் வேறு ஒரு பையனை எடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பையன்தான். அவன் வரைந்த மலைகளில் எனக்கு எப்போதும் ஏதோ குறைந்தது. அது அவன் குற்றமில்லை. அந்தக் கம்பெனியும் சில வருடத்தில் மூடிப்போக, நான் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதப் போனேன். இன்றுவரை அதுதான்.

பல வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் ஜெயந்தியைப் பார்த்தேன். தனியார் பள்ளி ஒன்றில் வேலை என்றார். அக்கா பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"பசங்க ஆடி ஆடி பட்டனே தேஞ்சிபோச்சி சார். அந்த ஒரு வருஷம் ஸ்கூல் விட்டு வந்தா அதான். சின்னவன் அதக் கையில வெச்சினே தூங்குவான். அப்புறம் திரை கறுத்துப்போச்சி. எங்கனா பரண்ல கெடந்துது, வீடு மாறசொல்ல எங்க போச்சோ." பிறகு கேட்டார்: "இப்பவும் அந்த மாதிரி பொட்டிக்கு யாருனா கேம் செய்றாங்களா சார்?"

"அதெல்லாம் போயிடிச்சிங்க. இப்ப யாரு செய்றாங்க" என்றேன். தெரியாமல்தான் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

மகளின் லேப்டாப்பைப் பார்த்த அன்று சாயங்காலம் ஊரில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டு ஜெயந்தியைப் பற்றி விசாரித்தேன். இதற்கெல்லாம் இப்போது சி தெரிந்த ஆள் யாரும் கூட வேண்டாம், உங்கள் கை ஒன்றே போதும் என்று அவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. அந்தப் பள்ளியில் அவர் இப்போது இல்லையாம். கல்யாணமாகிப் போளூர் பக்கம் போனதாக ஒருவர், இல்லை ஓசூர் என்று ஒருவர். அக்கா ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு போய்விட்டார். அந்த வீட்டை இடித்து மூன்று மாடி கட்டியாகிவிட்டது. தேரடித் தெருவில் பாத்திரக்கடை இருக்கிறது, மேலே செல்போன் கவர் விற்கிறார்கள். சேகர் சார் காலமாகிவிட்டார். கேசட்டில் ஏற்றுவதற்கு நாங்கள் எழுதியதெல்லாம் சென்டர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களை எந்த வருடம் எடைக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அந்த விளையாட்டை எட்டு லிங்கமும் தாண்டி முழுசாக ஆடியவர்கள் அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும்தான். நானே முடித்ததில்லை. சின்னவனுக்கு இப்போது நான் பெங்களூருக்குப் போனபோது இருந்ததைவிட வயது கூடியிருக்கும். தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.