மூடக்கூடாத கோப்புகள்

கண்டியில் நான் தட்டச்சு வேலை பார்த்த கடையின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் எடுத்தாரே தவிர கந்தோரை விடவில்லை. கம்ப்யூட்டரையும் கந்தோர் மேசையாகவே நடத்தினார். ஆள் வந்து கடிதத்தை வாங்கிப் போகும்வரை அதைத் திரையில் மூடக்கூடாது.

"அலுவல் முடியாத கோப்பு மேசையிலதான் கிடக்கோணும், தம்பி. உதுகளை மூடாதையும்."

"மூடினா அழியாதுங்கய்யா. உள்ளுக்குப் பத்திரமா இருக்கும்."

"ஓம் ஓம், எனக்குப் படிப்பியும்."

பெரிய மூளை! முப்பது கடிதங்கள் திறந்து கிடக்கும். இயந்திரத்துக்கு இருந்ததோ கையகல நினைவகம். அது நிரம்பினால் இயங்குதளம் பாதியைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் போடும். கேட்டால் தேடி எடுத்துவரும், அதற்கு இடம் பண்ண இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போடும். சின்ன மேசைக்காரன் ஒவ்வொரு தாளுக்கும் பின்னறை அலுமாரிக்கு ஓடுவது மாதிரி. ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் விழுவதற்குள் கொட்டாவி விட்டு முடிக்கலாம். ஐயா கண்டுபிடித்த வைத்தியம் ஒரு மேசை விசிறி. இயந்திரத்துக்கு வெக்கையாம்!

கொழும்பில் குண்டு வெடித்ததென்று கண்டி டவுனில் தமிழ் ஆட்களைப் பொலிஸார் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். மறுநாள் பத்தரை மணிக்குப் புசல்லாவைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி கடைக்கு வந்தாள். கையில், ஆள் தன் தோட்டத்துத் தொழிலாளிதான் என்று தோட்டத்துரை ஆங்கிலத்தில் தந்த கடிதம். பொலிஸில் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர புடிச்சி வச்சிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு லொறியில கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம். அதுக்குள்ள குடுத்தா விட்டுருவோம்னாங்க."

"அஞ்சு நிமிசம், உக்காருங்க" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

ஐந்தே வரி. இரண்டாவது வரியில் இயந்திரம் உறைந்தது. டிஸ்க் கறகறவென்று அரைத்தது. பதினொன்றரையாகியும் அரைத்துக்கொண்டேயிருந்தது.

"ஐயா, மத்ததெல்லாம் மூடிரவா?"

"வேண்டாம். கொஞ்சம் பொறும்."

பொறுத்தேன். என் சட்டைப்பையில் பேனை இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். ஆனாலும் எழுதவில்லை. கையெழுத்துக் கடிதம் பொலிஸில் எடுபடாது என்று அந்தக் கிழட்டுக் கந்தோர்காரரைப் போலவே நானும் நம்பினேன். அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கென்ன யோக்கியதை! தாள் வெளியே வந்தபோது பன்னிரண்டு பத்து. அவள் ஓடினாள். லொறி போய்விட்டிருந்தது.

அன்று பின்னேரமே ஐயாவைக் கேளாமல் எல்லாவற்றையும் மூடினேன். கேட்காமலே திரையில் தொடங்கும் கடிகாரம், பேசும் கிளிப்படம், அந்தக் கண்றாவியெல்லாம் அழித்தேன். செய்கிற வேலையை நினைவகத்திலேயே வைத்திருக்கும்படி அமைப்பை மாற்றினேன். ஐயா பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை அவள் மறுபடி வந்தாள். சிறையில் புருஷனைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் வேண்டுமாம். விரல் பட்டதும் எழுத்து விழுந்தது. கடகடவென்று அடித்தேன்.

"மெதுவாவே அடிங்க" என்றாள். "இனி என்ன அவசரம்."