‘முடியல’ என்றாள், சிரித்தோம்

நினைத்தால் இன்னும் என் மீதே ஆத்திரம் வருகிறது. ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு எங்களுடையது. கீழே நான் தையல் மெஷினில், கணவர் லேப்டாப்பில். கல்லூரியில் படிக்கும் மகள் மாடி அறையில். சாப்பிடக் கூப்பிடுவதுகூட எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான்.

ஒரு ஞாயிறு காலை மகள் அதில் ‘முடியல’ என்று ஒரே வார்த்தை போட்டாள். எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் கேலியாகச் சொல்லும் வார்த்தைதானே! நான் சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பினேன். அவர் இரண்டு அனுப்பினார்.

மதியம் துணி காயப்போட மாடிக்குப் போனேன். துணிக்காகத்தான் போனேன், அவளைப் பார்க்க அல்ல. அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். “சொன்னேன்ல ம்மா... ரெண்டு பேரும் சிரிச்சீங்க” என்றாள்.

குடல்வாலில் சீழ். இன்னும் சற்று விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். அன்றே அறுவை சிகிச்சை, பிழைத்தாள்.

வீடு திரும்பியதும் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டேன். எதுவானாலும் இனி முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

நேற்று கணவரிடம், “பாப்பாவ சாப்பிடக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

“முட்டி வலிக்குதுடி, முடியல.”

“சிரிக்கிற பொம்மை ஒண்ணு அனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

லேப்டாப்பை மூடிவிட்டுப் படியேறினார்.