பெருக்கிய வயல்

அந்த ஆளுக்கு ஊரார் வைத்த பெயர் துடைப்பம். வைத்தவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வீட்டைப் பெருக்குகிறவர்கள் உண்டு, வாசலைப் பெருக்குகிறவர்கள் உண்டு; வயலைப் பெருக்குகிறவனை யாராவது கண்டதுண்டா? துடைப்பம் பெருக்குவார். அறுவடை முடிந்த மறுநாளே தாள், சருகு, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் வாரி மூலையில் குவித்துத் தீ வைப்பார். பிறகு டிராக்டரை விட்டு உழுவார். உழுததையே மறுபடி உழுவார். ஒரு புல் தலை தூக்கினால் களைக்கொல்லி, ஒரு எறும்பு வரிசை கண்ணில் பட்டால் பூச்சிமருந்து. வரப்போரம் இருந்த கறையான் புற்றைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளிவிட்டு, என்னவோ கோட்டையைப் பிடித்துவிட்டவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்குள்ளும் இதே கூத்துதான். நாற்காலிகளுக்குப் பிளாஸ்டிக் உறை, டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்துக்கும் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் போகாமல் தப்பித்தது அவர் மனைவி ஒருத்திதான்.

அவள் அவரை வாய் நிறைய "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதை நாக்கோடு சரி. மனசுக்குள் அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் "இது". இது சாப்பிட்டாச்சா, இது குளிச்சாச்சா, இது இன்னைக்கு எதைக் கொல்லக் கிளம்பியிருக்கு என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கோபப்படக்கூட அவள் மெனக்கெடுவதில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

இத்தனை சுத்தம் செய்து என்ன கண்டார்? மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. மண்புழு துளைத்த வழி இருந்தால்தானே இறங்கும்? சிமென்ட் தரையில் நிற்கிற மாதிரி நிற்கும். வெயில் வந்ததும் மேல்மண் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். மாடு போட்ட சாணம் போட்ட இடத்திலேயே வறட்டியாகக் கிடக்கும். அதை உருட்டி உள்ளே இழுத்துப் போக ஒரு சாணவண்டு கிடையாது. வருஷா வருஷம் உரமூட்டை கூடியது, விளைச்சல் குறைந்தது. துடைப்பத்துக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. பக்கத்து நிலத்தில் பாடுபடும் அவருடைய தம்பி ஒருநாள் அவளிடம் வாய்விட்டே சொன்னான்.

"அண்ணி, அண்ணன் வயல்ல நடந்தா செருப்புல மண்ணே ஒட்ட மாட்டேங்குது. பாய் விரிச்சுப் படுத்துடலாம்."

"தாராளமா படுங்க தம்பி. எறும்புகூடக் கடிக்காது," என்றாள் அவள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் மட்டும் அவளுடையது. பத்திரப்படி அல்ல, பிடிவாதப்படி. கல்யாணமான புதிதில் "இது எனக்கு" என்றாள்; அப்போது இருந்த மயக்கத்தில் அவரும் தலையாட்டிவிட்டார். வாழை, பப்பாளி, முருங்கை, அவற்றின் நிழலில் கீரை, எல்லாவற்றின் மேலும் ஏறிப் படர்ந்த பூசணிக்கொடி. உதிர்ந்த இலையை அவள் அள்ளியதே இல்லை. கால் வைத்தால் மெத்தையாக அமுங்கும். இலையை விலக்கினால் மண்புழு நெளியும், மரவட்டை சுருண்டுகொள்ளும், பெயர் தெரியாத என்னென்னவோ ஓடி ஒளியும். அவற்றின் மேல் அவளுக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. பூரான் ஒருமுறை கடித்துக் கால் வீங்கியிருக்கிறது. ஆனால் அதுகள் பாட்டுக்கு இலையைத் தின்று மண்ணாக்கும், அவளை ஒன்றும் கேட்பதில்லை. அந்த வகையில் புருஷனைவிட மேல். தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்தால், கழற்றிப் போட்ட செருப்பை யாரும் வந்து நேராக வைக்க மாட்டார்கள். அந்த இடம் போய்விட்டால் தனக்கென்று மூச்சுவிட வேறு இடமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

துடைப்பத்தின் கண்ணை அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நிலையில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. சில வயல்களில் மண்ணுக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்கப் போகிறார்களாம். நன்றாக இருக்கிற ஒன்றை மாதிரி வயல் என்று தேர்ந்தெடுத்துப் போர்டு வைப்பார்களாம். போனை வைத்தவருக்கு வாயெல்லாம் பல்.

"போர்டு நமக்குத்தான். போர்டு வச்ச கையோட பின்னாடி இருக்கற காட்டை மெஷின் விட்டுத் தட்டிடப் போறேன். நாலு பேரு வந்து போற இடமாயிடும்ல."

அவள் குரலை மாற்றாமல் கேட்டாள். "என்னங்க, மண்ணுல பூச்சி இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

"இதென்ன கேள்வி? சாப்பாட்டுக் கடைக்கு ஆபீசர் வந்து கரப்பான்பூச்சி இருக்கான்னு பாக்கறான். இருந்தா மாலையா போடுவான்?"

அப்படிப் போகிறதா கதை! தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது இது. "இல்லைங்க, பூச்சி இருக்கணும்னுதான் பாக்க வர்றாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாலு பேர் நடுவில் இது மூஞ்சி சுருங்கி நிற்கட்டும். போர்டும் கிடையாது, மெஷினும் கிடையாது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் துடைப்பம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். ஆராய்ச்சிக்காரம்மா இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினாள். சதுரமாக மண்ணை வெட்டி எடுத்தார்கள், வெள்ளைத் துணியில் கொட்டினார்கள், கையால் உதிர்த்து உதிர்த்துத் தேடினார்கள். ஒன்றும் அசையவில்லை. வேறு இடத்தில் தோண்டினார்கள். அங்கேயும் அதே கதி.

"ஒண்ணு கெடைக்குதா பாருங்க மேடம்!" என்றார் துடைப்பம், பெருமை தாங்காமல். "நேத்து சாயங்காலம்தான் குருணை மருந்தைத் தூவித் தண்ணி விட்டேன்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, நாங்க உயிர் இருக்கான்னுதான் பாக்க வந்தோம். மண்புழு, வண்டு, கறையான் இதெல்லாம் இருந்தாத்தான் மண்ணு பொலபொலன்னு இருக்கும், தண்ணி உள்ள இறங்கும். இத எத்தனையோ வருஷமா சுட்டு, உழுது, மருந்தடிச்சுக் கொன்னு வச்சிருக்கீங்க. நேத்து போட்ட மருந்துக்கு இங்க சாகறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது."

துடைப்பத்தின் முகத்தில் அசடு வழிந்தது. இந்த முகத்துக்காகத்தானே காத்திருந்தாள்! அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பக்கத்துல உழாத இடம் ஏதாவது இருக்கா? ஒப்பிட்டுப் பாக்கணும்," என்று கேட்டாள் ஆராய்ச்சிக்காரம்மா.

"என்னோட இடம் இருக்கு, வாங்க வாங்க," என்று இவள் முன்னால் நடந்தாள். நடையா அது! தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், வாழை அடியில் குனிந்து, "இதைப் பாருங்க" என்று இலையை விலக்கினாள்.

மண்புழுக்கள் மேலே வந்து கிடந்தன. தொய்ந்துபோய், நிறம் வெளுத்து, கிடந்த இடத்திலேயே செத்திருந்தன. மரவட்டைகள் சுருண்டவை விரியவில்லை. பூரான் ஒன்று மல்லாந்து கிடந்தது. கீரைப்பாத்தி நெடுக ஊதா நிறத்தில் குருணை மின்னியது.

"இங்கயும் போட்டுட்டேன்," என்றார் துடைப்பம் பின்னாலிருந்து. குரல் முன்போல் எழும்பவில்லை. "இங்கதான் அதிகமா இருக்கும்னு ரெண்டு பங்கு போட்டேன். இன்னைக்கு வர்றவங்க உன்னைக் கேவலமா பேசிடக் கூடாதுன்னுதான்..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இலையைப் பிடித்த கை அப்படியே நின்றது. நேற்றுச் சாயங்காலம் இது வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கதவைத் திறந்தபோது அவள் கொழுந்தன் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் வாளி இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது.

"இந்தக் கீரையைச் சாப்பிட்டுடாதீங்கக்கா," என்றாள் ஆராய்ச்சிக்காரம்மா மெதுவாக. "இலையை இப்படியே விடுங்க, கிளறாதீங்க, மருந்து வாசனையே காட்டாதீங்க. ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"எப்போ வரும்?"

"அதைச் சொல்ல முடியாதுக்கா."

வண்டி கிளம்பும்வரை துடைப்பம் கூடவே ஓடி, "அப்போ போர்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் பெருக்கித் தள்ளிவிட்டார் போலிருக்கிறது.

அவர் திரும்பி வந்தபோது அவள் தகரக் கதவருகே நின்றிருந்தாள்.

"என்னங்க, வீட்டுல பூட்டு இருக்கா?"

அவள் பேசிவிட்டதே போதும் என்று அவர் உள்ளே ஓடினார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பூட்டை உருவிக்கொண்டு வந்தார். "புதுசு மாதிரி வச்சிருக்கேன். எண்ணெய் போட்டிருக்கேன், லேசா திரும்பும் பாரு."

லேசாகத்தான் திரும்பியது. அவள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். துடைப்பம் தோள்துண்டை எடுத்து, பூட்டில் பதிந்த அவளுடைய கைரேகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இது எப்போ வாங்குனது?" என்று கேட்டாள்.

"நம்ம கல்யாணத்தப்போ."

அவள் வீட்டுக்குள் போனாள். இத்தனை வருஷமும் பூட்டு வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது.