பாரம் ஏறினால் மட்டும் கேட்ட சத்தம்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை. ஆய்க்குடிப் பக்கம் இருந்த ஒரு சிறப்புப் பள்ளிக்குத் தினமும் காலையில் பைக்கில் கூட்டிப்போவேன். பின்னால் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ள மாட்டாள் என்பதால் பெட்ரோல் டேங்கின் மேல், என் இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் அவளுக்கு இடம். பஸ்ஸில் கூட்டத்தைக் கண்டால் தரையில் விழுந்து புரளுவாள். ஆட்டோவும் ஆகாது. பைக் ஒன்றுதான் அவள் ஒத்துக்கொண்ட வண்டி.

சாரல் பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை, குத்துக்கல்வலசையில் எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தாள். நிறுத்தினால் அடங்கினாள். வண்டியை எடுத்தால் மறுபடியும் அலறல். அன்று திரும்பிவிட்டோம். மறுநாளும் அப்படித்தான். புதன்கிழமையும்.

எனக்குக் குற்றாலத்தில் ஒரு விடுதியில் வேலை. சீசனில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. மனைவி தென்காசியில் துணிக்கடைக்குப் போகிறவள். ஆளுக்கொரு நாள் கெஞ்சிக் கூத்தாடி வீட்டில் இருந்தோம். பள்ளியில் இரண்டு மாதம் பழக்கி, அவள் அப்போதுதான் தானாக ஸ்பூன் பிடிக்கத் தொடங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஸ்பூனைக் கையில் வைத்தபோது அது என்ன என்று தெரியாதவள் போல நழுவவிட்டாள். மனைவி அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள்.

சனிக்கிழமையும் பள்ளி உண்டு. எப்படியும் கொண்டுபோய்விடுவது என்று அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவள் திமிறிக் குதித்தாள். வண்டி சாய்ந்து இருவரும் ரோட்டில் விழுந்தோம். அவள் முழங்கையில் ரத்தம். எழுந்த வேகத்தில் அவள் கன்னத்தில் அறைந்தேன். அதுவரை நான் அவளை அடித்ததில்லை. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள். யாராவது என்னை அடித்துப்போட்டால் தேவலை என்று இருந்தது.

விழுந்ததில் என்ஜின் அணைந்து கிளம்ப மறுத்தது. களைத்துப்போயிருந்தவளை டேங்கில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அப்போதுதான் கேட்டது. முன்சக்கரத்திலிருந்து, எலிக்குஞ்சு கத்துவது போல, மெல்லிசாக ஒரு கீச். சக்கரம் ஒரு சுற்று வந்ததும் மறுபடி கீச். ஒவ்வொரு கீச்சுக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. ஆறு நாளாக என்ஜின் இரைச்சலுக்குள் எனக்குக் கேட்காத ஒன்று அவளைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

மதியமே வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. என்ஜினைச் சரிசெய்து கிளப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி. பிரேக் ஷூ லேசா உரசுதோ என்னமோ, மாத்திருதேன்."

மாற்றினார். மாலையில் மகளை ஏற்றினேன். அலறினாள்.

ஞாயிறு காலையில் மகளில்லாமல் வண்டியை வாசலில் முன்னும் பின்னும் தள்ளினேன். சத்தம் வரவில்லை. முன்சக்கரத்திலிருந்து வரும் ஸ்பீடாமீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டுத் தள்ளினேன். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். ஒன்றுமில்லை. எனக்குக் கேட்டதே பிரமையோ என்று தோன்றியது. மறுபடி அவளை ஏற்றி, துடிக்கத் துடிக்கச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து டேங்கின் மேல் வைத்தேன்.

"என்ன செய்தீய?" என்றாள் மனைவி.

"பேசாம இரு. சத்தம் வருதா பாரு."

நாலடி தள்ளினேன். கீச். மூட்டையை இறக்கித் தள்ளினேன். இல்லை. ஏற்றினேன். கீச். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூட்டையோடு மெக்கானிக் வீட்டு முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் தள்ள, அவர் குனிந்து சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டே நடந்தார்.

"ஆமா, கத்துது. பாரம் ஏறுனாத்தான் கத்துது. பேரிங் போச்சு அண்ணாச்சி."

சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றச் சொன்னார். நறநறவென்றது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத்தண்ணீர் வடிந்தது. குற்றாலத்து ரோட்டில் தினமும் தண்ணீருக்குள் ஓட்டியதில் ரப்பர் சீல் கிழிந்து ஈரம் உள்ளே போயிருக்கிறது என்றார். "பாப்பாவுக்குக் கேட்டது எனக்குக் கேக்கல பாத்தியளா," என்று அவராகவே சொல்லிக்கொண்டார். இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டார். மூட்டையை ஏற்றித் தள்ளினோம். சத்தம் இல்லை.

ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை வண்டியைக் கண்டதுமே காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் தூக்கக் கையை நீட்டினால் அறை வாங்கிய கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சத்தத்துக்குப் பயப்படுகிறாளா, எனக்கா என்று தெரியவில்லை. எட்டு நாள், வேலைக்குப் போகும் முன் என்ஜினைப் போடாமல் அவளை ஏற்றித் தெருவில் தள்ளினேன். முதல் நாள் இரண்டடி. அடுத்த நாள் பக்கத்து வீடு வரை. ஒன்பதாம் நாள் என்ஜினைப் போட்டேன். உடம்பு விறைத்தது. அலறவில்லை.

அன்று பள்ளிக்கூட வாசல் வரை ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டே வந்தாள். இறக்கிவிட்டதும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்துவிட்டாள். ஸ்பூன் பிடிக்க மறுபடி முதலிலிருந்து பழக்கணும் என்றார் டீச்சர். சரி என்றேன்.