வைக்கோல் கன்று

பனிக்காலம் பிறந்ததும் விவசாயப் பொருட்காட்சியின் மேளச் சத்தம் பர்மாவில், தாமுவேயில் இருந்த எங்கள் மாட்டுக்கொட்டகை வரைக்கும் மிதந்து வரும். முதல் வருஷம் நாலு மூங்கில் பந்தல், கொஞ்சம் மாடு, அவ்வளவுதான். அப்புறம் நெல் வகைகள் வந்தன, தூக்க முடியாத பூசணிக்காய்கள் வந்தன, மின்சார விளக்கும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் தூக்கத்தில் நடப்பவள்போல அதற்குள் சுற்றி வருவேன்.

அந்த வருஷம் எங்கள் செவலைப் பசுவை விற்கப் போனோம். விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். கறவைப் போட்டியில் ஜெயித்தால் நல்ல விலை போகும் என்றார் என் வீட்டுக்காரர்.

மழை ஓயும் சமயத்தில் செவலையின் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார் அவர். அதை நக்கிக்கொண்டே பசு பால் சுரந்தது. அதே வாரம் என் பிள்ளையும் போய்விட்டது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைத்தாள். தினமும் காலையில் அந்த மாடு வைக்கோலைக் கொஞ்சுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அறிவுகெட்ட மாடு! செத்தது எது, உயிரோட இருக்கறது எதுன்னுகூடவா தெரியல உனக்கு?" என்று திட்டுவேன்.

மைதானத்தில் பனி விலகவில்லை. வரிசையாக நின்ற மாடுகளின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் வைக்கோல் கன்றை இறக்கி வைத்ததும் கூட்டம் சிரித்தது. பரிசு கொடுக்க வந்த துரையும் சிரித்தார். செவலை யாரையும் லட்சியம் பண்ணவில்லை. அது நக்க நக்க, வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. வெட்கம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பின்னால், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மாக்காரியின் தோளில் கைக்குழந்தை வீறிட்டது. பசிக் குரல். யார் பிள்ளை என்று திரும்பிப் பார்ப்பதற்குள் என் ரவிக்கை நனைந்துவிட்டது.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். எல்லாம் வற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். செவலை தலை தூக்கி என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் நக்கத் தொடங்கியது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. வியாபாரி ஒருவன் விலை பேச வந்தான். நான் கயிற்றை விடவில்லை.

"என்ன புள்ள, நீதானே விக்கணும்னு நின்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாங்க. வீட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயிடுவோம்."

அவர் ஈரமான என் முந்தானையைப் பார்த்தார். வைக்கோல் கன்றைத் தோளில் போடக் குனிந்தார்.

"இங்க குடுங்க" என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். தாமுவே வரைக்கும் செவலை அதை நக்கிக்கொண்டே என் பக்கத்தில் நடந்து வந்தது.