அமெரிக்க ஜனாதிபதிக்கு ஓர் அபசகுனம்

மரக்காணத்தில் நிம்மதியாகக் குடியிருக்க வேண்டுமானால் முதலில் அமெரிக்கக் குடிமகள் ஆக வேண்டும் என்று என் அக்கா முடிவெடுத்தது 2005-இல். அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தவளிடம் கிரீன் கார்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே மாதக்கணக்கில் தங்கினால் கார்டுக்கே ஆபத்து. வீட்டைத் தூசி தட்டி முடிப்பதற்குள் விமானம் ஏற வேண்டும். குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஒரு நேர்காணல். அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விதிகளையே தின்று வளர்ந்து ஓய்வு பெற்ற தம்பி நான் பக்கத்து வீட்டில் இருக்க, வேறு வாத்தியார் எதற்கு?

அந்த முறை அக்கா ஊருக்கு வந்திருந்தபோது, உப்பளக் காற்றில் பறக்காதபடி கேள்வித்தாள்மேல் சொம்பை வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

“பில்லுல கடைசியா கையெழுத்துப் போடறது யாருக்கா?”

“என் மருமவதான். கடையில கார்டைத் தேய்ச்சிட்டு அவதான் போடுவா.”

மசோதா என்று விளக்கி, ஜனாதிபதி வரை அழைத்து வந்தேன். அடுத்து அதிகாரப் பிரிவினை.

“ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் நிறுத்தி வைக்கலாம்க்கா.”

“நீ ஆபீஸ்ல பண்ணியே, அதானே?”

அதேதான். இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

“ஜனாதிபதி, துணை ஜனாதிபதி ரெண்டு பேரும் செத்துட்டா, அடுத்து யாரு?”

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

“டேய்! வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். எம்புள்ளைக்குச் சோறு போடற ஊருடா அது.”

“சபாநாயகர். ஸ்பீக்கர்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“சொன்னா, அவங்க எப்பப் போவாங்கன்னு நான் காத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்காது?”

பாடம் அங்கேயே நின்றது. அக்கா விமானம் ஏறினாள். நேர்காணலில் அதே கேள்வி வந்ததாம். போனில் சொன்னாள்: “ரெண்டு பேரும் நூறு வயசு நல்லா இருக்கட்டும், அப்புறமா ஸ்பீக்கர்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன்டா. ஆபீசர் சிரிச்சிட்டாரு. பாஸ்!”

மறு வருடம் அமெரிக்க பாஸ்போர்ட்டும் நான்கு பெட்டிகளுமாக, இனி இங்கேதான் என்று வந்து இறங்கினாள். வாழ்த்தப் போன நான் பழக்கதோஷத்தில் விசாவைப் படித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

“யாருடா வெளிநாட்டுக்காரி?”

“நீதான்க்கா.”

“அமெரிக்காவப் பத்தி அத்தனை கேள்வி கேட்டியே, இந்தியாவப் பத்தி ஒண்ணாவது கேட்டியாடா?”

காவல்துறைப் பதிவுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். இந்தியாவுக்கு வந்த நோக்கம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது.

“தம்பியத் திட்டறதுக்குன்னு எழுது” என்றாள்.